மானுக்கு ஒரு பவுண், மரைக்கு ஒன்றரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டுமல்ல, ஆசியாக் கண்டம் முழுவதும் தேடினாலும், மரையண்ணை அளவுக்கு அமெரிக்க மான்களைச் சாகடித்த மனிதர் ஒருவர் அகப்படமாட்டார். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். இத்தனைக்கும் அவர் அமெரிக்காவுக்குப் போனதில்லை. துவக்கைக் கையால் தொட்டதில்லை. சுத்த சைவம். அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, அதில் முட்டை இருக்கிறதென்று தெரிந்ததும் அரை நாள் லீவு போட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகியவர். கையில் நுளம்பு இருந்தால் அடிக்கமாட்டார், ஊதிவிடுவார்.

"அண்ணை, உது டெங்கு நுளம்பு" என்று ஒருநாள் கத்தினேன்.

"அதுக்குத் தான் டெங்கு எண்டு தெரியுமோ பிள்ளை?" என்றார்.

நான் எழுத்து வேலைக்கு வருவதற்கு முன்னர் கோப்பாயில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடி. வெளிநாட்டுக் கடைகள் இணையத்தில் பொருள் விற்கும், வாங்குகிறவர்கள் நூறு சந்தேகம் கேட்பார்கள், கடைக்காரர் பெயரில் நாங்கள் பதில் எழுதுவோம். அமெரிக்கா தூங்கும்போது எழுதத் தொடங்கி, அது எழும்பும்போது வீட்டுக்குப் போவோம். எனக்கு வாய்த்தது பூனைச் சாப்பாடு விற்கிற கடை. கொழும்புத்துறையில் மீன்காரர் வீட்டில் பிறந்தவளுக்குப் பூனையின் வாய்ருசி தெரியாதா, அது பரவாயில்லை. பக்கத்து மேசையில் இருந்த கபிலனுக்கு நீச்சல் தடாகம் கழுவுகிற மருந்து. நீச்சல் தடாகத்தைக் கண்ணாலும் கண்டிராதவன். கீரிமலைக் கேணியை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதுவான்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் மரையண்ணை வந்து சேர்ந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். புத்தூரிலிருந்து பஸ்ஸில், வெள்ளைச் சேட்டு, குடை, சாப்பாட்டுப் பெட்டி சகிதம், இடது காலைச் சற்று நொண்டிக்கொண்டு வருவார். எங்கள் முகாமையாளர் மயூரன் கெட்டிக்காரப் பெடியன். எல்லாரையும் அண்ணை, அக்கா என்று கூப்பிட்டே முதுகை முறிப்பான். "அண்ணை, இது காட்டு மிருகம் சம்பந்தமான ஒரு நிறுவனம். உங்கடை இங்கிலீசுக்குத் தோதான வேலை" என்று சொல்லி அவரைக் கதிரையில் இருத்திவிட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தான், அவ்வளவுதான். அந்த நிறுவனம் விற்றது வேட்டைத் துவக்குக்குப் போடுகிற ரவை.

முதல் நாள் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி. "வெள்ளைவால் மானுக்கு நூற்றிமுப்பது கிரெயின் போதுமா?" "எல்க்குக்கு நூற்றெண்பது கிரெயின் வேண்டுமா?" எல்க் என்பது அங்கத்தைய பெரிய மான் வகை. எங்கள் வன்னிக் காட்டு மரைக்கு ஒன்றுவிட்ட தமையன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணை அதை மரை என்றே தமிழ்ப்படுத்தினார். அன்றிலிருந்து அவருக்கும் அதுவே பெயர். திருகாணியிலும் ஒரு மரை உண்டு, அது கழன்றவர்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் உண்டு. ஆகவே அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

கிரெயின் என்றால் தானியம். நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். அண்ணையும் அப்படித்தான் படித்திருந்தார்.

"பாருங்கோ பிள்ளை, என்ன நாகரிகமான சனம்! காட்டு மானுக்குத் தானியத்தை எண்ணி எண்ணி வைக்குதுகள். நாங்கள் கட்டி வளக்கிற மாட்டுக்கே அளந்து போடுறேல்லை."

உடனே பதில் எழுதினார். கந்தோர் ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் வினா கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். நூற்றிமுப்பது மணி மிகச் சொற்பம் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விழைகிறேன். ஒரு வாளி சோளம் வைப்பதே தருமம். ஊறவைத்தது செமிபாட்டுக்கு உகந்தது."

ஒரு கிழமை வரை இந்தத் தருமம் நடந்தது. அதற்குப் பிறகு ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "நன்றி நண்பரே. நீங்கள் சொன்னபடி சோளம் வைத்தேன். மான் வந்தது. சுட்டேன். அருமையான யோசனை."

அண்ணை அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"தம்பி மயூரன், இவன் என்ன எழுதியிருக்கிறான்?"

மயூரன் மிச்சம் விட்டதைச் சொன்னான். கிரெயின் என்பது ரவையின் நிறையைச் சொல்கிற அளவு என்பதையும் சொன்னான். அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார், குடையை எடுத்தார், படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் திரும்பி வந்தது விலகல் கடிதம் கொடுப்பதற்கு. மயூரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு முறைப்பாடு வந்து திரையில் நின்றது. யாரோ ஒருவர் மானுக்குரிய இலேசான ரவையால் எல்க்கைச் சுட்டிருக்கிறார். தோள் எலும்பில் பட்டதும் ரவை பொடிப்பொடியாகிவிட்டது. மிருகம் மூன்று காலில் காட்டுக்குள் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் சரக்குச் சரியில்லை, வேறு பெட்டி அனுப்புங்கள்.

அண்ணை நின்றபடியே அதை வாசித்தார்.

"தம்பி, இந்த மரை எங்கை?"

"அமெரிக்காவிலை அண்ணை."

"அது எனக்குத் தெரியும். இப்ப எங்கை நிக்குது? மூண்டு காலோடை?"

அண்ணை யன்னலடியில் போய் நின்றார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"நான் போனால் இந்தக் கதிரையிலை ஆர் இருப்பினம்?"

"கபிலனைப் போடலாம் எண்டு யோசிக்கிறன்."

அண்ணை கபிலனைப் பார்த்தார். கபிலன் அந்த நேரம், தடாகத்தில் பாசி பிடித்தால் தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்க்கும்படி கலிபோர்னியாவில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அண்ணை கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் படித்த படிப்பைப் பார்த்தால், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வெட்கப்பட்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கும் பாடம் நடக்கும். நான் மீன் கொண்டுவருகிறவள் என்பதால் என் கதிரை மூன்று முழம் தள்ளியிருக்க வேண்டும். பாடம் மட்டும் எல்லாருக்கும் பொது.

"ரவை உள்ளை போனதும் காளான் மாதிரி விரியவேணும். விரிஞ்சால்தான் மிருகம் அதிலேயே விழும், நோவு தெரியாது. மான் மெல்லிசு, விலா எலும்பு சின்னன். இலேசான ரவை காணும். கெதியா விரியும். மரை அப்பிடியில்லை. தோள் எலும்பு உலக்கை மாதிரி. அதிலை இலேசான ரவை பட்டால் புட்டு மாதிரி உதிர்ந்துபோம். மேல் சதை கிழியும், உயிர் போகாது. மரைக்குப் பாரம் வேணும். முழுக்கச் செம்பாலை செய்ததோ, ஈயத்தைச் செம்போடை ஒட்டினதோ, விரிஞ்சாலும் உடையாத சாமான் வேணும். விளங்குதோ?"

புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கபிலன் பெட்டியை மூடினான்.

கிரெயின் என்ற சொல்லோடு மட்டும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. ஒருதரம் ஏமாற்றிய சொல்லை அவர் மறுபடி வாயில் எடுப்பதில்லை. எங்களோடு கதைக்கும்போது பவுண் கணக்கில்தான் சொல்வார். மானுக்கு ஒரு பவுண், மரைக்கு ஒன்றரைப் பவுண். தாலிக்கொடிக்கு நிறுக்கிற அதே பவுண்தான். அவர் வீட்டில் தொலைபேசியில் "ஒண்டரைப் பவுணுக்குக் குறைஞ்சால் சரிவராது, பேந்து கண்ணீர்தான் மிச்சம்" என்று மயூரனுக்கு விளங்கப்படுத்தியதை வேலிக்கு அங்கால் நின்று கேட்டவர்கள், அண்ணை யாரோ பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிறார் என்று முடிவுகட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணத் தரகர் மூன்று சாதகத்தோடு படலையைத் தட்டினார்.

பஸ்ஸில் நடந்தது இதைவிடப் பெரிது. அண்ணைக்குக் குரல் பெரிது. கைத்தொலைபேசியின் மேல் நம்பிக்கை குறைவு. புத்தூரில் இருந்து கதைத்தால் கோப்பாயில் நேரடியாகவே கேட்கவேண்டும் என்பதுபோலத்தான் கதைப்பார். ஒருநாள் காலை, பருத்தித்துறை வீதியில் நெருங்கி அடைந்து வந்த பஸ்ஸில் மயூரனின் அழைப்பு வந்திருக்கிறது. கடைக்கு எழுதப் பவுண் சரிவராது, எண்ணாகவே வேண்டுமாம். பஸ் முழுவதற்கும் கேட்கும்படி அண்ணை சொன்ன பதில்:

"ஓம், ஓம். மரைக்கு நூற்றெண்பது ரவை. மானெண்டால் நூற்றிமுப்பது காணும். தோளுக்குக் கீழை குடுக்கச் சொல்லு. அதிலேயே விழும். சத்தமும் வராது."

கிரெயின் என்ற சொல்லை விட்டுவிட்டால் இது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ரவை என்ற சொல்லை உப்புமாவோடு சேர்த்துச் சொன்னால் ஒன்றுமில்லை. தனியே சொன்னால் சனம் தலையைக் குனிந்து காலடியைப் பார்க்கும். பஸ்ஸுக்குள் பாட்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டார். நடத்துநர் அண்ணையிடம் டிக்கெட் கேட்கவே வரவில்லை. "நல்ல பெடியன், வயது போனவர்களுக்கு இலவசம் போல" என்று அண்ணை எங்களுக்குச் சந்தோசமாகச் சொன்னார்.

மறுநாள் சிவில் உடையில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். சப்பாத்தைப் பார்த்தே புலனாய்வுக்காரர் என்று விளங்கி மயூரன் எழுந்து நின்றுவிட்டான். மூத்தவர் தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"இங்கை ரவை சம்பந்தமாக வேலை செய்யிறது யாரு?"

நாங்கள் எல்லாரும் பூனைச் சாப்பாட்டிலும் தடாக மருந்திலும் மூழ்கினோம். அண்ணை மட்டும் கையை உயர்த்தினார்.

"நான்தான். வாங்கோ, இருங்கோ. உங்களுக்கு மானோ, மரையோ?"

ஒரு மணித்தியாலம் பாடம் நடந்தது. கணினியைத் திருப்பிக் காட்டினார். காளான் படம் காட்டினார். புட்டு உதாரணம் சொன்னார். இளையவர் குறிப்பெடுத்துப் பார்த்துக் களைத்துப்போய்ப் பேனையை மூடினார். மூத்தவருக்கோ மெல்ல மெல்ல ஆர்வம் வந்துவிட்டது. கதிரையை முன்னால் இழுத்தார்.

"எங்கள் ஊரிலே வயலுக்குக் காட்டுப் பன்றி வருது ஐயா. ராத்திரிக்கு ராத்திரி வருது. அதுக்கு எது நல்லது?"

"உங்களிட்டை என்ன துவக்கு இருக்கு தம்பி?"

"அது... வேலைக்குத் தந்தது."

"ஐயோ, அதாலை பன்றிக்குச் சுடக்கூடாது." அண்ணை உண்மையிலேயே பதறினார். "அந்த ரவை விரியாது. துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தாலை போம். மிருகம் கிடந்து துடிக்கும். அமெரிக்காவிலை கன இடங்களிலை அதாலை மிருகத்துக்குச் சுடுறது குற்றம் தம்பி. வதை எண்டு சட்டம்."

"அப்ப அது எதுக்குச் செய்யிறது?"

"அது மனிசருக்கு" என்றார் அண்ணை. "மனிசருக்கு ஒரு சட்டம், மானுக்கு ஒரு சட்டம். ரெண்டையும் வாசிச்சுப் பாத்தனான். மான்ரை சட்டம் கொஞ்சம் நல்லம்."

மூத்தவர் கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். போகும்போது அண்ணைக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த நாள் தொடக்கம் அண்ணையிடம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கத் தொடங்கினார்கள்.

வேட்டைக்காரர்கள் அவரை நேசித்தார்கள். இது எனக்கு இன்றுவரை விளங்காத புதினம். ஏனென்றால் அவர் எழுதுகிற பதிலின்படி நடந்தால் ஒருவராலும் ஒன்றையும் சுடமுடியாது. ரவையைத் தெரிவுசெய்து சொல்லிவிட்டு, கீழே நிபந்தனை போடுவார். காற்று அடித்தால் சுடவேண்டாம். தூரம் சந்தேகமானால் சுடவேண்டாம். மிருகம் சரிந்து நின்றால், அது நேராக நிற்கும் வரை பொறுக்கவும். அருகில் கன்று நிற்கிறதா என்று தயவுசெய்து பார்க்கவும். கை நடுங்கினால் வீட்டுக்குப் போய்த் தேநீர் அருந்தவும். இப்படி எழுதியவருக்குத்தான் அந்தக் கடையிலேயே அதிக நட்சத்திரம் விழுந்தது. எனக்குப் பூனைக்காரர்கள் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை.

அவருடைய ரசிகர்களில் முதன்மையானவர் ஹாங்க். மொன்டானா என்ற மலைப் பிரதேசத்துக் கிழவர். ஒரு வருடம் முழுவதும் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, அண்ணையும் சலிக்காமல் பதில் எழுதி, கடைசியில் ஒன்றரைப் பவுண் செம்பு ரவையில் வந்து நின்றார்கள். வேட்டைப் பருவம் பிறந்தது. ஒருநாள் காலை அண்ணையின் திரையில் ஒரு படம் வந்தது. பனி. அதன் மேல் ஒரு பெரிய மரை சரிந்து கிடந்தது. கொம்பு இரண்டும் வேப்பங்கொப்பு மாதிரி. பக்கத்தில் முழங்காலில் ஹாங்க், பல்லெல்லாம் தெரிய. "ஆறு வயதுக் கடுவன். ஒரே ஒரு ரவை. நின்ற இடத்திலேயே விழுந்தது. எல்லாம் நீங்கள் சொன்னபடி. இதில் பாதி உங்களுடையது நண்பரே."

பாதி உங்களுடையது. வெள்ளைக்காரன் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. அண்ணையோ வாழ்நாள் முழுவதும் வார்த்தைகளை உள்ளபடி மொழிபெயர்த்தே பழகியவர். பாதிப் பாவம் தன் கணக்கில் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்த பிரச்சினை துடக்கு. செத்தவீட்டுத் துடக்கென்றால் கோயிலுக்குப் போகமுடியாது. மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார், எங்களுக்கு அவ அக்கா.

"பாதி எனக்கெண்டால் துடக்கும் பாதிதானே வரும்? முப்பத்தொண்டிலை பாதி பதினைஞ்சரை. அந்த அரை நாளை என்ன செய்யிறது?"

அந்தப் பக்கத்தில் அக்கா என்ன சொன்னா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணை மட்டும், "மரைக்குத் துடக்கில்லையாம். பேசாமல் முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போகட்டாம்" என்று அறிவித்தார்.

அன்று பின்னேரம் என் ஸ்கூட்டரில் அவரைக் கோயிலுக்கு ஏற்றிப் போனேன். நான் மத்தியானம் சூடை மீன் சாப்பிட்டிருந்தபடியால் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அவருடைய குரலுக்கு வாசலே போதும்.

"மோட்ச விளக்கு ஏத்தி ஒரு அருச்சனை ஐயா."

"ஆருக்கு? பேர் சொல்லுங்கோ."

"எல்க்."

ஐயருக்கு இது புதிதல்ல. வெளிநாட்டில் பிறக்கிற எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுக் கேட்டுச் செவி பழகியவர்.

"வெளிநாட்டுப் பிள்ளையோ?"

"ஓம். அமெரிக்கா."

"என்ன வயசு?"

"ஆறு."

"ஐயோ, முருகா! ஆறு வயசிலையோ? ஏதும் காய்ச்சல் வருத்தமோ?"

"இல்லை ஐயா. சுட்டுப்போட்டாங்கள்."

ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஒரு அம்மா வாயில் கைவைத்தா. "அந்த நாட்டிலை இப்ப உதுதானே வேலை" என்று ஐயர் தழுதழுத்தார். "தாய் தகப்பன்?"

"காட்டுக்குள்ளை எங்கையோ நிப்பினம்."

"ஒளிச்சு நிக்கினமோ! சுட்டவன் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும். நல்ல மனிசன். ரவை நான் எடுத்துக் குடுத்தது."

ஐயர் கையில் இருந்த தட்டம் கீழே விழுந்த சத்தம் தேர்முட்டி வரை கேட்டது. மீனாவது மாமிசமாவது என்று நான் உள்ளே ஓடி, விசயத்தை விளக்கினேன். அருச்சனை நடந்தது. ஆனால் அந்த அம்மா கடைசிவரை நம்பவில்லை. அண்ணையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகத்தான் வெளியே போனா.

அருச்சனையோடு அண்ணை விட்டிருக்கலாம். ஆனால் பாதியை வைத்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஹாங்குக்கு எழுதினார். நான் பிறவிச் சைவம், துவக்கைத் தொட்டதில்லை, தாங்கள் வழங்கிய பாதியை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன், தங்கள் மரைக்குப் பெயரும் நட்சத்திரமும் தெரியாமலே இங்கே கோயிலில் விளக்கேற்றித் தங்கள் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஹாங்க் அதிர்ந்துபோய், அதை அப்படியே கடையின் இணையப் பக்கத்தில் எல்லாரும் வாசிக்கப் போட்டுவிட்டார். அமெரிக்காவின் வேட்டைக்காரர் எல்லாரும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே காணொளியில் வருவதாகச் செய்தி அனுப்பினார்.

அந்தக் கடைதான் எங்கள் அலுவலகத்தைத் தாங்கிய தூண். அது போனால் பூனையும் தடாகமும் எங்களைக் காப்பாற்றா. மயூரன் கழுத்துப்பட்டியைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான்.

"அண்ணை, பகிடிக்கு எழுதினது எண்டு சொல்லுங்கோ. சின்னனிலை ஒரு முயலாவது சுட்டனான் எண்டு சொல்லுங்கோ. ஒரே ஒரு முயல்."

"முயலோ? அம்மா மேலையிருந்து கேட்டுக்கொண்டிருப்பா."

"கொக்கு?"

"தம்பி, நான் கந்தோரிலை முப்பது வருசம் மற்றவேன்ரை பொய்யை மொழிபெயர்த்தனான். சொந்தமா ஒண்டும் சொன்னதில்லை."

கடைக்காரர் திரையில் தோன்றினார். தொப்பி போட்ட பெரிய மனிதர். பின் சுவரில் கொம்புத் தலைகள். அண்ணை எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"நீ ஒருநாளும் துவக்குச் சுட்டதில்லை என்பது உண்மையா?"

"உண்மை ஐயா."

"அப்படியானால் எதை வைத்து என்னுடைய ஆட்களுக்குப் புத்தி சொன்னாய்?"

"பெரும்பாலும் படித்ததை வைத்து, ஐயா. மிகுதி என்னுடைய தொடையை வைத்து."

எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணை கந்தோர் ஆங்கிலத்தில், அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனார். சண்டைக் காலத்தில் ஒருநாள் அரிசி வாங்கப் போனதாம். சுவரில் பட்டுத் தெறித்த ரவை ஒன்று உடைந்து, துண்டு துண்டாக இடது தொடையில் ஏறியதாம். வைத்தியர் எடுத்ததை எடுத்து, எடுக்கமுடியாத இரண்டை உள்ளே விட்டாராம். மாரி காலத்தில் அவை இப்போதும் வலிக்குமாம். "ஆகவே ஐயா, உடைகிற ரவை என்றால் என்ன என்பதை நான் மறுபக்கத்திலிருந்து அறிவேன். எலும்பில் பட்டதும் பொடியாகிற சாமானை ஒரு மரைக்கு நான் எப்படிச் சிபாரிசு செய்வது?"

எங்கள் ஊரில் ஒருவர் நொண்டினால் ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் பதில் நீளும். பிறகு நாங்களும் எங்களுடையதைச் சொல்லவேண்டி வரும். அதனால் அவ்வளவு காலமும் வாதம் என்றே நினைத்திருந்தேன். கபிலன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"யார் சுட்டது?"

"துண்டில் பெயர் எழுதியிருக்கவில்லை, ஐயா."

கீழே கடையில் யாரோ தேங்காய்க்கு விலை கேட்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கடைக்காரர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருடைய கண்ணில் ஈரம் இருந்தது. அதே கண்ணில் ஒரு வெளிச்சமும் வந்தது.

"இதை நாங்கள் விளம்பரத்தில் போடலாமா? ரவை பட்ட மனிதரே சிபாரிசு செய்யும் ரவை என்று?"

மயூரன் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான். அண்ணை குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"மன்னிக்கவும் ஐயா. என்னுடைய தொடை விற்பனைக்கு அல்ல. எனக்குக் கடைசி பஸ் போகப்போகிறது."

வேலை போகவில்லை. அவரை விட்டால் இப்படி எழுத ஆளில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சிறப்பு அதுவல்ல. அடுத்த வேட்டைப் பருவத்தில் ஹாங்கிடமிருந்து இரண்டு வரி வந்தது. படம் இல்லை. "ஒரு கடுவன். உடனே விழுந்தது. பெயர் ஜெரால்ட் என்று வைத்திருக்கிறேன், நட்சத்திரம் தெரியாது. உங்கள் கோயிலில் செய்வதைச் செய்துவிடுங்கள்." இதை வாசித்த இன்னும் சிலர் தங்கள் மான்களின் பெயர்களையும் அனுப்பினார்கள். அந்த வருடம் ஜெரால்ட், பட்டர்கப், பெரிய பொப் என்று ஒவ்வொருவருக்கும் புத்தூரில் விளக்கேறியது. ஐயர் ஒருநாள் என்னை மறித்து, "பிள்ளை, உந்தக் குடும்பத்திலை ஏன் இவ்வளவு சாவு?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கவேண்டியிருந்தது.

பிறகு கடைக்காரர் தானாகவே பதில் எழுதும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டார். எங்கள் மேல்மாடி பூட்டுப்பட்டது. கபிலன் மருந்துக்கடையில் நிற்கிறான். எதற்கும் தேசிக்காய் சொல்லாமல் இருக்கிறான் என்று கேள்வி. நான் இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். மரையண்ணை புத்தூரில் வீட்டோடு.

என் கட்டுரை வெளிவருகிற காலையில் என் தொலைபேசி அடிக்கும். "பிள்ளை, நல்லாயிருக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒற்று மிகுந்தது, ஒற்று மிகவில்லை, ஒருமை பன்மை இடறுது, உயிரெழுத்துக்கு முன்னாலே ஓர் வரவேணும் என்று அரை மணித்தியாலம் நிற்கும். கடைசியில், "சரி, சாப்பிட்டியோ? மீனோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார்.

போன மாதம் அவருக்கு நெஞ்சு நோவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வில் இருக்கிறார் என்று அக்கா சொன்னா. ஆனால் என் கடைசி இரண்டு கட்டுரைகளுக்கும் தொலைபேசி அடிக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் அங்கங்கே சில பிழைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கண்டுபிடித்து, திருத்திவிடட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், அப்படியே விடுங்கோ என்றேன். அதுக்கு ஆள் இருக்கு.